கற்பூரத்துக்கு ஒரு பாசிப் பொட்டலம்: மொரிஷியஸ் கடலோரப் பெண்கள் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மொரிஷியஸின் தென்கிழக்குக் கரையில், மாஹேபூருக்கு வடக்கே இருக்கும் ஒரு சிற்றூரில் நடந்தது இது. கடற்பாசியிலிருந்து மக்கும் உறை செய்ய முனைந்த ஒரு பெண்கள் குழுவின் அனுபவத்தை, 2022 தொடக்கம் முதல் 2024 தைப்பூசம் வரை இங்கே பதிவு செய்கிறேன். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. குழுவின் கணக்கு நோட்டையும் கூட்டக் குறிப்புகளையும் பார்த்து, அவர்களோடு கூட இருந்து கண்டதையும் சேர்த்து எழுதியது. இதே வேலையைத் தொடங்க நினைக்கும் வேறு கடலோரக் குழுக்களுக்கு உதவும் என்பதால்தான் எழுதுகிறேன்.

பின்னணி

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் புவான் தெஸ்னிக்கு எதிரே பவளத்திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அதிலிருந்து சுமார் 1,000 டன் எரிஎண்ணெய் கடலில் கலந்தது. கரும்புச் சோகையைத் துணிக்குள் அடைத்து மிதக்கும் தடுப்புகள் தைத்த ஆயிரக்கணக்கானவர்களில் இந்த ஊர்ப் பெண்களும் உண்டு. பிறகு பல மாதம் லகூனில், அதாவது பவளத்திட்டுக்கும் கரைக்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடலில், மீன்பிடிக்கத் தடை இருந்தது. கடல் வற்றும் நேரத்தில் பாறைத்திட்டில் நடந்து பேய்க்கணவாய் பிடிப்பதும் சிப்பி பொறுக்குவதும்தான் இவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த வருமானம். பேய்க்கணவாயை (ஆக்டோபஸ்) இங்கே ஊரித் என்பார்கள். அந்த வருமானம் நின்றபோது வீட்டுச் செலவுக்குக் கணவனிடமோ மகனிடமோ கை நீட்ட வேண்டியதாயிற்று. தடை நீங்கிய பிறகும் பிடிபாடு பழையபடி திரும்பவில்லை என்பது அவர்கள் எல்லோரும் சொன்ன செய்தி.

ஊரித் பிடிக்க ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை மூடுகாலம் உண்டு. முட்டையிட்டுப் பெருகுவதற்காக 2016 முதல் அரசு கொண்டுவந்த ஏற்பாடு. இந்த இரண்டு மாதமும் அப்பெண்களுக்கு வரும்படி இல்லாத காலம். இந்தத் தேதிகள் பின்னால் முக்கியமாகும்.

குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் கோயிலில் ஒன்றாகப் பூக்கட்டுபவர்கள், விசேஷ நாளில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுபவர்கள். வீட்டில் மொரிஷியஸின் பேச்சுமொழியான கிரியோல், கோயிலில் தமிழ். பெரியவர்கள் தேவாரம் பாடுவார்கள், இளையவர்களில் சிலர் மாலை வகுப்பில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர்கள். ஒருவர் மட்டும் ராமநாதபுரம் கரையிலிருந்து கல்யாணமாகி வந்தவர். சிறுவயதில் பாம்பன் பக்கம் தாயோடு பாசி எடுக்கப் போனவர்.

எப்படித் தொடங்கியது

பிளாஸ்டிக் பைக்கு மொரிஷியஸில் 2016 ஜனவரி 1 முதல் தடை. 2021 தொடக்கத்தில் ஒருமுறை பயன்படுத்தும் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவையும் தடை செய்யப்பட்டன. ஆனாலும் கோயிலில் விபூதி, குங்குமம், கற்பூரம் மடித்துக் கொடுக்கும் விரலளவு பிளாஸ்டிக் பொட்டலங்கள் புழக்கத்திலேயே இருந்தன. தைப்பூசக் காவடி முடிந்த மறுநாள் ஊர்வலப் பாதையில் அவற்றைப் பெருக்கி எடுப்பவர்களும் இந்தப் பெண்கள்தான்.

2022 தைப்பூசத்துக்குப் பிறகு ஒரு நாள் கரையில் ஒதுங்கிக் கிடந்த பாசியை ராமநாதபுரத்துப் பெண் கையில் எடுத்து முறித்துப் பார்த்தார். "இது கஞ்சிப்பாசி வகைதான் அக்கா. ஆனா அதே பாசி இல்ல, இது கடக்குன்னு ஒடியுது" என்று குழுவில் மூத்தவரிடம் சொன்னார். அவர் சொன்னது சரி. அது கிராசிலேரியா சாலிகோர்னியா. மொரிஷியஸ் லகூன்களில் ஏற்கெனவே வளரும் இனம். கஞ்சிப்பாசி அதே குடும்பத்தின் வேறோர் இனம். இரண்டிலிருந்தும் அகார் எடுக்கலாம். தமிழ்நாட்டில் சைனா கிராஸ் என்று பாக்கெட்டில் விற்பதும், கீழக்கரை வீடுகளில் நோன்பு திறக்கும்போது கடல்பாசி என்று செய்யும் இனிப்பில் சேர்வதும் இந்த அகார்தான்.

அகாரை வெந்நீரில் கரைத்து, கிளிசரின் கலந்து, தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவிட்டால் கண்ணாடிபோல் தெளிந்த ஷீட் கிடைக்கும். பிளாஸ்டிக் பை மாதிரியே மடிக்கலாம். உலகில் பல இடங்களில் இதைச் செய்கிறார்கள். நாமும் செய்து பார்க்கலாம் என்ற பேச்சு அங்கிருந்து வந்தது.

முதல் முடிவுகள்

முதலில் முடிவானது எந்தப் பாசி, எவ்வளவு எடுப்பது என்பது. வேகமாக வளரும் கப்பாபைகஸ் பாசியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கயிற்றில் கட்டி வளர்க்கலாம் என்று வெளியிலிருந்து ஒருவர் யோசனை சொன்னார். குழு மறுத்துவிட்டது. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவருகே அந்தப் பாசி பவளங்கள்மேல் படர்ந்தது 2008-இல் பதிவானது. ராமநாதபுரத்துப் பெண் அதை ஊரில் கேள்விப்பட்டிருந்தார், அவர் விடாப்பிடியாக நின்றார். எண்ணெயால் அடிபட்ட லகூனில் இன்னொரு சோதனை வேண்டாம் என்று மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். இந்தக் கதையில் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

எடுக்கும் முறையையும் மன்னார் கரையிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். கரையொதுங்கியது முதலில். போதாவிட்டால் மட்டும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாகக் கடல் வற்றும் நாட்களில் கையால் நுனியை ஒடிப்பது, அடியைப் பிடுங்குவதில்லை, இரும்புச் சுரண்டி கூடாது. புளூ பே கடல் பூங்காவின் பக்கமே போவதில்லை. மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி பெற்ற பிறகே வேலை தொடங்கியது.

அடுத்த கேள்வி, எதை மடிப்பது? உணவுப்பண்டம் வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்தார்கள். எண்ணெய் பட்ட கடலின் பாசி. சோதனைக்கூடத்தில் பார்க்கக் கையில் பணம் இல்லை. விபூதிக்கு என்று ஏறக்குறைய முடிவானபோது மூத்தவர் குறுக்கிட்டார்: "விபூதிய நாம வாயிலயும் போடுறோமே, குழந்தைக்கும் போடுறோமே." அதோடு விபூதி போயிற்று. மிஞ்சியது கற்பூரம். அதை யாரும் தின்பதில்லை. ஈரமற்ற பொருள், திருவிழாவில் ஒரே நாளில் செலவாகிவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. அகார், மாவு போன்றவற்றால் ஆன ஷீட் நீராவியை எளிதில் உள்ளே விட்டுவிடும், ஆனால் எண்ணெய்த் தன்மையுள்ள வாசனைகளை நன்றாகவே தடுக்கும். காற்றில் கரைந்துபோகும் கற்பூரத்துக்கு அது பொருந்தியது.

ஹோட்டல் ஒன்று உறிஞ்சுகுழல் கேட்டது. பானத்தில் ஊறிக் குழையும் என்பது ஒரே சோதனையில் தெரிந்ததால் வேண்டாம் என்றார்கள்.

செய்முறை

உலர்ந்த பாசியை நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, வெயிலில் வெளுக்கக் காயவைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவைத்துச் சூடாகவே துணியில் வடிக்க வேண்டும். ஆறினால் இறுகிவிடும். அகார் 40 டிகிரிக்குக் கீழே உறையும், மறுபடி இளக 85 டிகிரி வேண்டும். இறுகிய கட்டியை ஃப்ரீசரில் உறையவைத்து வெளியே வைத்தால் தண்ணீரோடு உப்பும் அழுக்கும் வடிந்துபோகும்.

தொழிற்சாலைகளில் கிராசிலேரியாவை முதலில் காஸ்டிக் சோடாவில் சூடாக்குவார்கள். அகார் வலுவாகும். இங்கே குழந்தைகள் ஓடும் வீட்டுக் கொல்லைப்புறம், கையுறையும் கண்ணாடியும் பழக்கமில்லை. கொதிக்கும் காஸ்டிக் சோடா வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதனால் ஷீட் வலுக்குறைந்தது, காய்ந்ததும் அப்பளம்போல் நொறுங்கியது. கிளிசரினைக் கூட்டினால் நொறுங்குவது நின்றது, ஆனால் ஈரத்தை இழுத்தது. கடைசியில் மரவள்ளி மாவைக் கொஞ்சம் சேர்த்து, கிளிசரினைத் திட எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவில் நிறுத்தினார்கள். மரவள்ளி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. மாஹேபூரில் 1870 முதல் மரவள்ளி பிஸ்கட் செய்துவருகிறார்கள். ஒட்டுவதற்கும் அதே மரவள்ளிக் கஞ்சி, சூடாக்கி ஒட்டும் மெஷின் தேவைப்படவில்லை.

ஒரு லிட்டர் கரைசலில் அகார் 20 கிராம்தான். மீதி பெரும்பாலும் தண்ணீர், அது முழுக்கக் காற்றில் போக வேண்டும். மூன்று மில்லிமீட்டர் ஆழம் ஊற்றினால் காய்ந்தபின் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய ஷீட் மிஞ்சும். அதனால் இந்தத் தொழிலில் உலர்த்துவதுதான் பெரிய வேலை. ஈரக்காற்று வீசும் பிப்ரவரி, மார்ச்சில் செய்த முதல் ஷீட்டுகள் நான்கைந்து நாள் கிடந்தும் காயாமல் பூசணம் பிடித்தன. அப்போதுதான் நாட்காட்டியைப் பார்த்தார்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இங்கே வறண்ட குளிர்ந்த காலம். ஊரித் மூடுகாலமும் அதுவே. அந்த இரண்டு மாதத்துக்குள் எல்லா ஷீட்டும் செய்து, சேமித்துவைத்து, தைப்பூசத்துக்குக் கொடுப்பது என்று திட்டம் மாறியது. வருமானமில்லாத மாதங்களுக்கு வேலை கிடைத்தது. கடலுக்குப் போகும் நாட்களோடு போட்டியும் இல்லை.

கோயிலின் கேள்வி

குருக்களும் நிர்வாகத்தாரும் கேட்டது சுத்தம் பற்றி. தைப்பூசத்துக்கு முன் பத்து நாள் விரதம் இருக்கிறார்கள், கடலிலிருந்து வந்தது சைவமா? பாசி தாவரம்போல் வெயிலில் உணவாக்கி வளர்வது, ஜெலட்டினுக்கு மாற்றாக சைவர்கள் பயன்படுத்துவதே அகார் என்று விளக்கியதும் அது தீர்ந்தது. ஃப்ரீசர் விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. மூடுகாலத்தில் காலியாக இருப்பவை ஊரித் வைக்கும் ஃப்ரீசர்கள்தான், அவற்றில் வைத்த கட்டிக்கு மீன்வாடை ஏறியது. கோயில் பொருளுக்கு அது ஆகாது என்று குழுவே நினைத்தது. பழைய ஃப்ரீசர் ஒன்றைத் தவணையில் வாங்கினார்கள். குழுவின் முதல் கடன் அது. வங்கிக் கணக்கை இரண்டு பெண்கள் பெயரில் தொடங்கினார்கள். ஒருவரின் கணவர் தானே கையெழுத்துப் போடுவதாகச் சொல்ல, மூத்தவர் மரியாதையாக ஆனால் தெளிவாக மறுத்துவிட்டார்.

முதல் பருவம்: பிசுபிசுத்த ஷீட்டுகள்

2022 மூடுகாலத்தில் வேலை நன்றாக நடந்ததுபோல் தெரிந்தது. ஷீட்டுகள் காய்ந்தன, அடுக்கிவைத்தார்கள். நவம்பரில் காற்றில் ஈரம் ஏறியதும் பாதிக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மற்றவை நன்றாகவே இருந்தன. ஒரே செய்முறைதானே, ஏன் இந்த வித்தியாசம்?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைக் கடன் வாங்கி, ஒட்டிய ஷீட்டையும் ஒட்டாத ஷீட்டையும் தனித்தனியே நல்ல தண்ணீரில் ஊறவைத்து அளந்தார்கள். ஒட்டியதில் உப்பு மிக அதிகம். கடலுப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், கிளிசரினும் இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் ஷீட் காய்ந்தே இருக்காது. உப்பு இரண்டு வழியில் வந்திருந்தது. ஒன்று, கரையோரமாகவே உலர்த்தும் தட்டிகளை வைத்திருந்தார்கள். அந்த மாதங்களில் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும், அலைத்துளி ஷீட்மேல் படிந்தது. இதைச் சரிசெய்வது எளிது. தட்டிகளை உள்ளே, கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டுக் கொல்லைக்கு மாற்றினார்கள்.

இரண்டாவது வழிதான் எல்லோரையும் சங்கடப்படுத்தியது. பாசி சரியாகக் கழுவப்படவில்லை. ஏன் என்று கேட்டபோது பல நாளாக உள்ளுக்குள் இருந்த மனக்குறை வெளியே வந்தது.

முடிந்த ஷீட் ஒன்றுக்கு இவ்வளவு என்பதுதான் அப்போதைய கூலி. ஷீட் ஊற்றியது பள்ளிப்படிப்பு உள்ள இளையவர்கள். எடையும் அளவும் அவர்களுக்குத்தான் தெரியும் என்று வேலை அப்படிப் பிரிந்திருந்தது. திட்டில் இறங்கிப் பாசி எடுத்ததும், முதுகு வளையக் கழுவியதும், மணலும் சிப்பித்தூளும் பொறுக்கியதும் மூத்தவர்கள், ஊரித் பிடித்துப் பழகியவர்கள். ஷீட் கூலியிலிருந்து அவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள், ஆனால் மணிக்கணக்கு வைக்கவில்லை. நோட்டைப் பார்த்துப் பின்னால் கணக்கிட்டபோது மொத்த நேரத்தில் பெரும்பங்கு கழுவுவதிலும் உலர்த்துவதிலும் போயிருந்தது. கிடைத்த பணமோ அதற்கு எதிர்மாறாகப் பிரிந்திருந்தது. கூலி வராத வேலையை யாரும் நாலாவது முறை செய்யமாட்டார்கள். அதோடு வறண்ட மாதங்களில் குழாய்த் தண்ணீரும் நேரம் பார்த்துத்தான் வரும். மூன்று கழுவலோடு விட்டுவிட்டார்கள்.

பெண்களுக்கு அதிகாரம் கிடைத்தது என்று இதுபோன்ற திட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள் குழுவுக்குள்ளே யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. இந்தக் குழுவிலும் பெண்களுக்கிடையே படித்தவர், படிக்காதவர் என்ற பழைய பிரிவு அப்படியே வேலைப்பிரிவாக வந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் அதன் விலை உப்பாக ஷீட்டில் தெரிந்தது.

கூட்டம் சூடாகவே நடந்தது. தங்கள் வேலைக்குக் கூடுதல் திறமை வேண்டும் என்றார்கள் இளையவர்கள். பாசி எங்கே, எந்த வற்றத்தில் எடுப்பது என்பதும் திறமைதான் என்றார் மூத்தவர். கடைசியில் எந்த வேலையானாலும் மணிக்கு ஒரே கூலி, கணக்கு எழுதுபவருக்கு மட்டும் சிறு கூடுதல் என்று முடிவாயிற்று. கழுவிய தண்ணீரை மீட்டரில் பார்க்கும் பொறுப்பு, அதாவது போதும் போதாது என்று சொல்லும் உரிமை, கழுவுபவர்களுக்கே கொடுக்கப்பட்டது. மீட்டரில் எண் படிக்க ஒரு மாலை நேரமே போதுமானதாக இருந்தது.

2023 தைப்பூசம்

நல்ல நிலையில் இருந்த ஷீட்டுகளைக் கொண்டு பிப்ரவரி தொடக்கத்தில் வந்த தைப்பூசத்துக்குக் கற்பூரப் பொட்டலம் மடித்தார்கள். கோயில் கேட்டதில் ஒரு பகுதிதான் கொடுக்க முடிந்தது. பிளாஸ்டிக் பொட்டலத்தைவிட விலை பல மடங்கு, நிர்வாகம் அதை அந்த ஆண்டுக்கு மட்டும் என்று ஏற்றது.

பொட்டலத்தின்மேல் மக்கும் பிளாஸ்டிக் என்று அச்சிட வேண்டுமா என்ற விவாதம் வந்தது. பூந்தொட்டி மண்ணில் புதைத்த துண்டு சில வாரங்களில் காணாமல்போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு முறையான சோதனை இருக்கிறது. ஐரோப்பிய இஎன் 13432 தரப்படி உரமாக்கும் சூழலில் 12 வாரத்தில் துண்டுகள் சிதைய வேண்டும், ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் உயிர்ச்சிதைவு ஆக வேண்டும். அதைச் செய்யாமல் போடுவது சரியல்ல என்று விட்டுவிட்டு, "கடற்பாசி, மரவள்ளி மாவு, கிளிசரின். மண்ணில் போடவும்" என்று மட்டும் தமிழிலும் கிரியோலிலும் எழுதினார்கள்.

எதிர்பாராத ஒன்று நடந்தது. பாசிதானே என்று சிலர் பொட்டலத்தோடே கற்பூரத்தை ஏற்றினார்கள். கிளிசரின் கருகும்போது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் அக்ரோலின் ஆவி வரும். அன்றே ஒலிபெருக்கியில் சொல்லி நிறுத்தினார்கள். மறு ஆண்டு "எரிக்க வேண்டாம்" என்ற வரியும் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து ஃப்ரெடி புயல் எச்சரிக்கை. தட்டிகளைக் கழற்றி வீடுகளுக்குள் வைத்தார்கள், அதிகச் சேதமில்லை.

இரண்டாம் பருவம்

2023 ஆகஸ்ட் 15-க்கு அடுத்த நாளே வேலை தொடங்கியது. மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு தொட்டி போட்டிருந்தார்கள், கழுவ அது பெரிய உதவி. கூடுதல் மணிநேரம் கழுவலுக்குப் போயிற்று, ஷீட் எண்ணிக்கை முதல் ஆண்டைவிடக் குறைந்தது. ஆனால் கெட்டுப்போனவை மிகச் சிலவே. ஷீட்டுகளுக்கிடையே பழைய செய்தித்தாள் வைத்து, பிஸ்கட் டின்னில் வறுத்த அரிசி முடிச்சோடு போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார்கள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் தீவை நனைத்தது. பத்து நாளில் தைப்பூசம். டின்களைத் திறந்தபோது ஷீட்டுகள் தனித்தனியே எடுக்கும்படியே இருந்தன.

அந்த ஆண்டு அந்தக் கோயிலின் கற்பூரம் முழுவதும் பாசிப் பொட்டலத்தில் போனது. பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றும் கொஞ்சம் வாங்கியது. ஃப்ரீசர் கடன் முடிந்தது. வருமானம் ஊரித்துக்கு ஈடாகவில்லை, ஆகும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. மூடுகாலத்து வீட்டுச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கியது, அவ்வளவே. இருவர் விலகி ஹோட்டல் வேலைக்குப் போனார்கள், அவர்களில் ஒருவர் அடுத்த மூடுகாலத்துக்கு விடுப்பு எடுத்து வந்தார். இப்போது பாசி எடுக்கும் நாளை மூத்தவர்கள் சொல்கிறார்கள், அதற்கேற்ப ஷீட் ஊற்றும் நாள் அமைகிறது. முதல் ஆண்டு அது தலைகீழாக இருந்தது.

இனி மாற்ற வேண்டியவை

மணிக்கணக்கு நோட்டு முதல் நாளிலிருந்தே வேண்டும். கூலியை எப்படிப் பிரிப்பது என்பதைச் செய்முறையின் ஒரு பகுதியாகவே எழுதிவைக்க வேண்டும், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

பாசியில் எண்ணெய் எச்சம் இருக்கிறதா என்று ஒருமுறையாவது ஆய்வுக்கூடத்தில் பார்க்கக் கோயில் நிர்வாகம் பாதிச் செலவை ஏற்பதாகச் சொல்லியிருக்கிறது. அது முடியும்வரை விபூதிக்கும் குங்குமத்துக்கும் இந்த ஷீட் இல்லை. இளையவர்களில் ஒருவர் காஸ்டிக் சோடாவைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற விரும்புகிறார். தனிக் கொட்டகை, ஓடும் தண்ணீர், கழிவுநீரைச் சமன்படுத்தும் வசதி ஆகிய மூன்றும் அமைந்தால்தான் அந்தப் பேச்சை எடுப்பது என்று கூட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்யும் விண்ணப்பமும் தயாராகிறது. அதில் பாசி எடுக்கும் விதிகளையும் மணிக் கூலியையும் சங்க விதிகளாகவே சேர்க்க வேண்டும் என்று மூத்தவர் கேட்டுக்கொண்டார், இளையவர்கள் எதிர்க்கவில்லை.